வாசலில் நிறுத்தப்படும் சின்னக் கட்சிகள்

2001 சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் என்னை ஒரு மாதத்துக்குத் தேர்தல் வேலைக்கு மாற்றிப் போட்டிருந்தார்கள். வேட்புமனு பாரம் கொடுப்பது, வாங்குவது, பதிவேட்டில் ஏற்றுவது, சந்தேகம் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது, இவைதான் வேலை. ஒரு நாள் சாப்பாட்டு வேளை நெருங்கும்போது ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. பதிவு பெற்ற, ஆனால் அங்கீகாரம் பெறாத ஒரு சின்னக் கட்சியின் ஆள். மனு தாக்கல் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் கேட்க வந்தது வேறு விஷயம்.

"சார், ரேடியோவுல கட்சிக்காரங்க பேச நேரம் கொடுக்கறாங்களே, எங்களுக்கு எந்தத் தேதி?"

"உங்களுக்குக் கிடையாது. அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டும்தான்" என்றேன்.

"அங்கீகாரம் எப்படி சார் வாங்கறது?"

"ஓட்டு வாங்கினா வரும்."

"நாங்க இருக்கோம்ன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சாத்தானே சார் ஓட்டு வரும்?"

"அது என் வேலை இல்லை" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவை எடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விதிப்படி நான் சொன்னது சரி. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க வேலை பார்த்தவனுக்கு விதிப்படி சரியாகச் சொல்லிவிட்டால் ராத்திரி தூக்கம் வந்துவிடும். எனக்கும் வந்தது. அந்த மனிதர் கேட்ட கேள்வி மறுபடி என்னைப் பிடித்தது 16 வருஷம் கழித்து, என் அத்தை மகன் வீட்டுக் கூடத்தில், விடியற்காலை மூன்று மணிக்கு.

அத்தானைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் குடும்பம் 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் கொஞ்ச காலம் சொல்தாவாக இருந்துவிட்டு, பிறகு பிரான்சிலேயே ஒரு தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷம் வேலை செய்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால் இங்கே புதுச்சேரியிலேயே ஓட்டுப் போடுவார். எனக்கு அந்த ஓட்டு இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சில் படித்தவன் என்பதால், அவர் வீட்டில் உட்கார்ந்து அந்தத் தேர்தலைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம்.

2017 ஏப்ரல் 4-ஆம் தேதி அதிபர் வேட்பாளர்களின் விவாதம். பாரிஸில் இரவு எட்டே முக்காலுக்கு நடந்தால் நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும். பாரிஸில் இருக்கும் பேரன் சொல்லிக்கொடுத்தபடி அத்தான் கம்ப்யூட்டரில் அதைப் பிடித்து வைத்திருந்தார். மேடையில் பதினொரு பேர், அரைவட்டமாக. கிட்டத்தட்ட நாலு மணி நேரம் நடந்தது.

முதல் ஒரு மணி நேரம் நான் முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தேன். "பதினொரு பேரும் பேசினா எதைக் கேட்கிறது அத்தான்? ஜெயிக்கப் போறது நாலு பேர்ல ஒருத்தர். மீதி பேரை எதுக்கு உட்கார வெச்சிருக்காங்க?" என்றேன். அவர் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

அப்போது பேசிக்கொண்டிருந்தவர் பிலிப் பூத்து. கார் தொழிற்சாலைத் தொழிலாளி. மற்ற ஆண்கள் எல்லாம் கோட்டும் சூட்டுமாக நிற்க, இவர் ஒரு சாதாரண பனியன் சட்டையோடு வந்திருந்தார். முன்னாள் பிரதமர் பிய்யோன் மீது அந்தச் சமயம் மனைவிக்குக் கொடுத்த வேலை சம்பந்தமாக விசாரணை நடந்துகொண்டிருந்தது. மரின் லெ பென் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் என்ற பாதுகாப்பைக் காட்டி, போலீஸ் அழைத்தும் போகாமல் இருந்தார். மற்ற பெரிய வேட்பாளர்கள் இந்தப் பேச்சைச் சுற்றி வளைத்தே தொட்டார்கள். பூத்து நேராகச் சொன்னார்: எங்களைப் போலீஸ் கூப்பிட்டால் தொழிலாளி என்பதற்காக எந்தப் பாதுகாப்பும் கிடையாது, நாங்கள் போய்த்தான் ஆக வேண்டும் என்று. பார்வையாளர்கள் கை தட்டினார்கள்.

அத்தான் நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டார். "இருபத்தஞ்சு வருஷம் அங்கே வேலை பார்த்தேன்டா. டி.வி.யில ஒரு முன்னாள் பிரதம மந்திரியை எதிர்ல வெச்சு எங்களை மாதிரி ஒருத்தன் இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை" என்றார்.

மூன்று வாரம் கழித்து பூத்துவுக்குக் கிடைத்த ஓட்டு 1.09 விழுக்காடு. அத்தான் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

அந்த ராத்திரி எனக்கு இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. அதே பூத்துவும் அவரோடு இன்னும் ஐந்து பேரும், இரண்டு வாரம் முன்னால், மார்ச் 20-ஆம் தேதி, பெரிய தனியார் தொலைக்காட்சியான டி.எஃப்.1 நடத்திய முதல் விவாதத்துக்கு அழைக்கப்படவே இல்லை. அங்கே ஐந்து பேர்தான். கருத்துக் கணிப்பில் முன்னணியில் இருந்த ஐந்து பேர். அழைக்கப்படாதவர்களில் ஒருவரான நிக்கோலா துப்போன்-எஞ்ஞான், பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கொன்சேய் தெத்தா வரைக்கும் போனார். மனு தள்ளுபடி ஆனது. மார்ச் 18-ஆம் தேதி அதே தொலைக்காட்சியின் செய்தி நேரத்துக்கு விருந்தினராக வந்து, தன் ஆட்சேபத்தைச் சொல்லிவிட்டு, நேரலையிலேயே எழுந்து போய்விட்டார். ஐந்து பேர் விவாதத்தை ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். பதினொரு பேர் விவாதத்தைப் பார்த்தவர்கள் சுமார் 63 லட்சம். முதல் பந்தி முடிந்த பிறகு போட்ட இரண்டாம் பந்தி மாதிரிதான்.

இந்தப் பதினொரு பேரும் ஏதோ பொழுதுபோகாமல் வந்து நின்றவர்கள் என்று நினைக்கக்கூடாது. பிரான்சில் அதிபர் தேர்தலுக்கு நிற்க வேண்டுமென்றால், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட 500 பேரின் கையெழுத்து வேண்டும். பெரும்பாலும் ஊர்களின் மேர்கள். கடற்கரையில் நம் மேரி கட்டிடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மேர் என்றால் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கையெழுத்துக்கு 'பரெனாழ்' என்று பெயர். 500-ம் ஒரே பகுதியிலிருந்து வந்தால் செல்லாது. குறைந்தது 30 மாவட்டங்களிலிருந்து வர வேண்டும், எந்த ஒரு மாவட்டத்திலிருந்தும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. முன்பு 100 கையெழுத்து போதும் என்றிருந்தது. 1974-இல் 12 பேர் நின்றுவிட்டார்கள் என்று 1976-இல் சட்டத்தை மாற்றி 500 ஆக்கினார்கள். 2016-இல் இன்னொரு திருத்தம் வந்தது. அதுவரை கையெழுத்துப் போட்டவர்களில் வேட்பாளருக்கு 500 பெயரைக் குலுக்கல் முறையில் எடுத்து வெளியிடுவார்கள். இப்போது எல்லாப் பெயரையும் வெளியிடுகிறார்கள். கேட்க நல்ல விதிதான். ஆனால் ஒரு சின்னக் கிராமத்து மேர் ஒரு சின்னக் கட்சிக்குக் கையெழுத்துப் போட்டால், அடுத்த நாள் ஊரே அதைப் படிக்கும். எதற்கு வம்பு என்று பேனாவை மூடி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. 2017-இல் இரண்டாம் இடம் பிடித்த லெ பென்னே 2022-இல் கையெழுத்து போதாமல் பிரசாரத்தை நிறுத்திவிட்டு மேர்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது என்றால், மற்றவர்கள் பாடு எப்படி இருக்கும்?

ஆக, இந்த வாசலைத் தாண்டித்தான் அந்தப் பதினொரு பேரும் வந்தார்கள். அவர்கள் பெயர் வாக்குச்சீட்டில் இருக்கிறது. வாக்குச்சாவடிக்கு வெளியே வைக்கும் பலகைகளில் எல்லாருக்கும் ஒரே அளவு இடம், குலுக்கல் போட்டு வரிசை. அரசு எல்லாரையும் சமமாகப் பார்க்கிறது. அதன்பிறகு ஒரு தொலைக்காட்சி நிறுவனம் இரண்டாவதாக ஒரு வாசலை வைத்து, ஐந்து பேர் வரலாம், ஆறு பேர் வெளியே நில்லுங்கள் என்கிறது. எனக்குச் சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இது எப்படிச் சட்டப்படி முடிந்தது? அங்கேதான் விதியின் நுணுக்கம் இருக்கிறது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது பிடித்த இடம், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் அதிகாரபூர்வப் பிரசாரம் என்பது ஓட்டுப் பதிவுக்கு முந்திய இரண்டு வாரம். அந்த இரண்டு வாரம் வானொலியும் தொலைக்காட்சியும் எல்லா வேட்பாளருக்கும் நிமிஷக் கணக்கில் சமமான நேரம் கொடுத்தாக வேண்டும். முன்பு இந்தச் சமத்துவம் வேட்பாளர் பட்டியல் வந்த நாளிலிருந்தே, ஏறக்குறைய ஐந்து வாரம், இருந்தது. 2016 திருத்தம் அதை இரண்டு வாரமாகச் சுருக்கியது. அதற்கு முந்திய நாட்களுக்குச் சமத்துவம் வேண்டாம், 'நியாயமான பங்கு' போதும் என்றது. நியாயமான பங்கை எதை வைத்து அளப்பது? முந்தைய தேர்தலில் வாங்கிய ஓட்டு, கருத்துக் கணிப்பு, பிரசாரத்தில் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறார்கள் என்பது. 2017-இல் அதிகாரபூர்வப் பிரசாரம் தொடங்கிய நாள் ஏப்ரல் 10. இரண்டு விவாதமும் எந்தத் தேதியில் நடந்தன என்று மேலே பாருங்கள். இரண்டும் அதற்கு முன்னால்.

கருத்துக் கணிப்பில் பெயர் மேலே இருந்தால் தொலைக்காட்சியில் நேரம். தொலைக்காட்சியில் முகம் தெரிந்தால் கருத்துக் கணிப்பில் பெயர் மேலே. உள்ளே இருப்பவனுக்கு இது ஊஞ்சல். வெளியே இருப்பவனுக்குச் சுவர். மஞ்சள் பையோடு வந்த மனிதர் 2001-இல் என் மேஜைக்கு எதிரே நின்று சொன்னது இதைத்தான். அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார், எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நேரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1965 டிசம்பர். ஐந்தாம் குடியரசில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு அதிபரைத் தேர்ந்தெடுத்த முதல் தேர்தல். அதுவரை பிரெஞ்சுத் தொலைக்காட்சி அரசாங்கத்தின் கையில். எதிர்க்கட்சிக்காரர் முகத்தை அதில் பார்ப்பது அபூர்வம். அந்தத் தேர்தலில் முதல் தடவையாக ஆறு வேட்பாளருக்கும் தலா இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். ஜெனரல் தெ கோலுக்கு எதிராக யார் நிற்க முடியும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த காலம். ழான் லெகானுவே என்பவர் நாட்டுக்கு அவ்வளவாகத் தெரியாத முகம். தொலைக்காட்சியில் சிரித்த முகத்தோடு தெளிவாகப் பேசினார். 15 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினார். தெ கோல் 44 விழுக்காட்டில் நின்று, இரண்டாம் சுற்றுக்குப் போக வேண்டியதாயிற்று. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஜெனரல் இரண்டாம் சுற்றுக்குப் போனார் என்று எங்கள் வாத்தியார் வகுப்பில் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த ஆச்சரியம் இன்னும் நினைவிருக்கிறது.

ஜெயிக்காவிட்டாலும் சின்னவர்களால் பிரயோஜனம் உண்டு என்பதற்கு இன்னொரு சாட்சி. 1974-இல் ரெனே துமோன் என்ற வயதான விவசாய அறிஞர் முதன்முதலாகச் சுற்றுச்சூழலுக்காகவே அதிபர் தேர்தலில் நின்றார். தொலைக்காட்சியில் ஒரு ஆப்பிளையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, இப்படியே போனால் தண்ணீர் நமக்குக் கிடைக்காமல் போகும் என்று சொல்லி அந்தத் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். அலியான்ஸ் பிரான்சேஸ் வாசிப்பு அறையில் ஒரு பழைய வாரப் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்து நானும் நண்பர்களும் சிரித்தோம். அப்போது நம்மூரில் எங்கே தோண்டினாலும் நல்ல தண்ணீர். இன்று கடலோரத்தில் போர் போட்டால் உப்புக் கரிக்கிறது. கேன் தண்ணீர் வண்டி வராத நாளில் என் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்கள் வீட்டை வைத்தே தெரிந்துகொள்ளுங்கள். துமோனுக்குக் கிடைத்தது 1.32 விழுக்காடு. அவர் நின்றது 100 கையெழுத்துக் காலத்தில். இன்றைக்கு வேட்பாளர் யாராக இருந்தாலும் அவர் பேசிய விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே அதிபர் விவாதங்களை ரொம்ப நாள் நடத்திய ஆணையத்தையே 1987-இல் இரண்டு பெரிய கட்சிகளின் தலைவர்கள் சேர்ந்துதான் அமைத்தார்கள். 1992-இல் ராஸ் பெரோ என்ற சுயேச்சையை மேடையில் ஏற்றினார்கள். விவாதத்துக்கு முன் கருத்துக் கணிப்பில் பத்து விழுக்காட்டுக்கும் கீழே இருந்தவர், கடைசியில் ஏறக்குறைய 19 விழுக்காடு வாங்கினார். 1996-இல் அவரை மேடையில் சேர்க்கவில்லை. 2000-இலிருந்து கருத்துக் கணிப்பில் 15 விழுக்காடு இருந்தால்தான் இடம் என்று விதி வைத்தார்கள். அந்த விதி 1992-இல் இருந்திருந்தால் பெரோ மேடையின் பக்கமே வந்திருக்க முடியாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பதினொரு பேருக்கு நாலு மணி நேரம் என்றால் தலைக்குக் கால் மணிக்குச் சற்றுக் கூட. எந்த விஷயத்திலும் ஆழமாகப் போக முடியாது. விளம்பரத்துக்காக நிற்கிறவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். இன்னொரு விசித்திரமும் உண்டு. ஐந்து வாரச் சமத்துவம் இருந்த காலத்தில், 2012 வரைக்கும், முதல் சுற்றுக்கு முன் வேட்பாளர் எல்லாரும் சேர்ந்து உட்காரும் விவாதமே பிரான்சில் நடந்ததில்லை. எல்லாரையும் சமமாகக் கூப்பிட வேண்டும் என்றால் தொலைக்காட்சிக்காரர்கள் ஒருவரையும் கூப்பிடாமல் இருந்துவிடுகிறார்கள். சமத்துவம் அதிகமானால் பந்தியே இல்லை, குறைந்தால் பந்தியில் பாதிப் பேருக்கு இலை இல்லை. இது நிஜமான சிக்கல். ஒரே வார்த்தையில் தீர்த்துவிட முடியாது.

ஆனாலும் நேற்றைய ஓட்டை வைத்து நாளைய வாசலை அளப்பது எவ்வளவு பிசகு என்பதற்கு 2017-ஏ ஒரு வேடிக்கையான உதாரணம் கொடுத்தது. மக்ரோனின் கட்சி 2016 ஏப்ரலில் பிறந்தது. 2017 மே மாதம் அவர் அதிபராகிவிட்டார். ஜூனில் நாடாளுமன்றத் தேர்தல். அதற்கான வானொலி, தொலைக்காட்சி நேரத்தைச் சட்டப்படி கலைந்துபோகிற நாடாளுமன்றத்தின் கணக்கில் பிரித்தார்கள். அந்த நாடாளுமன்றத்தில் மக்ரோன் கட்சிக்கு ஒரு குழுவும் இல்லை. அதனால் அதிபரின் கட்சிக்கு இரண்டு சுற்றுக்கும் சேர்த்து வெறும் 12 நிமிஷம். அதிபர் தேர்தலில் ஆறு விழுக்காட்டோடு விழுந்து கிடந்த சோஷலிஸ்ட் கட்சிக்கு இரண்டு மணி நேரம்! மக்ரோன் கட்சி வழக்குப் போட்டது. 2017 மே 31-ஆம் தேதி அரசியல் சட்ட மன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்புக் கொடுத்தது. தேர்தலில் அந்தப் '12 நிமிஷக் கட்சி' 577-இல் 300 இடத்துக்கு மேல் ஜெயித்தது. சின்னவர்கள் வருஷக்கணக்காகக் கத்திய விஷயம், பெரியவருக்கு வலித்தபோது பத்தே நாளில் சரியாயிற்று.

இதைப் படித்துவிட்டு, பிரான்ஸ் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம்.

நம் நாட்டில் கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம் கொடுக்கும் திட்டம் 1998-இலிருந்து இருக்கிறது. தேசியக் கட்சி, மாநிலக் கட்சி என்று அங்கீகாரம் பெற்றவர்களுக்கு அடிப்படை நேரம் சமமாக. அதற்கு மேல், முந்தைய தேர்தலில் வாங்கிய ஓட்டுக்குத் தக்கபடி. இவர்களின் பிரதிநிதிகளை உட்கார வைத்து விவாதம் நடத்தவும் திட்டத்தில் வழி இருக்கிறது. நாட்டில் பதிவு பெற்று அங்கீகாரம் இல்லாத கட்சிகள் ஏராளம். அவர்களுக்கு இதில் ஒரு நிமிஷமும் கிடையாது. தனியார் தொலைக்காட்சிகளின் ராத்திரி விவாதத்தில் யார் உட்காருவது என்பது ஆசிரியர் குழு நினைப்பது.

அங்கீகாரத்துக்கான வழிகளில் ஒன்று, சட்டமன்றத்தில் 3 விழுக்காடு இடம் அல்லது 3 இடம், இதில் எது அதிகமோ அது. தமிழ்நாட்டில் 234 இடம். அதில் 3 விழுக்காடு என்றால் ஏழைத் தாண்டும். நமக்கு 30 இடம். 3 விழுக்காடு என்றால் ஒரு முழு உறுப்பினர்கூட வராது. அதனால் குறைந்தபட்சம் 3 என்ற விதி வந்து நிற்கும். முப்பதில் மூன்று என்றால் பத்தில் ஒரு பங்கு. அங்கே சட்டமன்றத்தில் நூற்றுக்கு மூன்று இருந்தால் கிட்டும் அங்கீகாரத்துக்கு, இந்த வழியில் நமக்கு நூற்றுக்குப் பத்து வேண்டியிருக்கிறது. இன்னொரு வழி, 6 விழுக்காடு ஓட்டும் 2 இடமும். நம் யூனியன் பிரதேசத்தில் பதிவாகும் ஓட்டு சுமார் எட்டு லட்சம் என்று வைத்தால் 48,000 ஓட்டு. நாலைந்து தொகுதியில் மட்டும் நிற்கிற கட்சிக்கு அது மலை.

நம்மூர் வாக்காளரோ கட்சிப் பெயரைப் பார்த்து மயங்குகிறவர் இல்லை. 2021-இல் முப்பதில் ஆறு பேர் சுயேச்சைகள். ஐந்தில் ஒரு பங்கு! அதற்கும் பத்து வருஷம் முன்னால், 2011 பிப்ரவரியில் ஆரம்பித்த ஒரு கட்சி, ஏப்ரலில் தேர்தலைச் சந்தித்து 15 இடம் பிடித்து, ஒரு சுயேச்சையின் ஆதரவோடு ஆட்சி அமைத்தது. எந்தக் கட்சி என்று உங்களுக்கே தெரியும். இது அதற்கு வக்காலத்தும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. விதியின் கணக்கில் அந்த ஏப்ரல் மாதம் அது அங்கீகாரம் இல்லாத கட்சி. அதன் தலைவர் ஏற்கெனவே முதலமைச்சராக இருந்தவர், ஊர் அறிந்த முகம். அதனால் வானொலி நேரம் இல்லாதது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. ஊருக்குத் தெரியாத, ஆனால் சொல்ல ஒரு நல்ல விஷயம் வைத்திருக்கும் ஆளுக்குத்தான் அந்த நேரம் தேவை. அவருக்குத்தான் அது இல்லை.

என் யோசனை இதுதான். பிரான்சைப் பொறுத்தவரை, 500 கையெழுத்து வாசலைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு வாசல் கூடாது. நாலு மணி நேரம் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைப்பது கஷ்டமென்றால், குலுக்கல் போட்டு இரண்டு ராத்திரியாகப் பிரிக்கட்டும். பெரியவர் சின்னவர் என்று பிரிக்காமல் கலந்து பிரிக்கட்டும். நம் புதுச்சேரியைப் பொறுத்தவரை, முப்பதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது பத்துத் தொகுதியில் வேட்பாளர் நிறுத்துகிற எந்தப் பதிவு பெற்ற கட்சிக்கும் புதுவை வானொலியில் ஐந்து நிமிஷம் கொடுக்கலாம். விவாதத்திலும் ஒரு நாற்காலி போடலாம். அந்த நேரத்துக்காகவே டம்மி ஆட்களை நிறுத்துவார்களே என்று கேட்கலாம். பொதுப் பிரிவில் ஒரு வேட்பாளருக்கு டெபாசிட் 10,000 ரூபாய். பத்துப் பேருக்கு ஒரு லட்சம். ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அது போச்சு. ஐந்து நிமிஷத்துக்காக ஒரு லட்சத்தை விடத் துணிகிறவர் சொல்வதை நாமும் ஐந்து நிமிஷம் கேட்டுத்தான் பார்ப்போமே. பிடிக்காவிட்டால் ரேடியோவை மூட யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

2022-இல் மறுபடி அத்தான் வீட்டில் உட்கார்ந்தோம். அந்தத் தடவை மக்ரோன் முதல் சுற்றுக்கு முன் மற்றவர்களோடு விவாதிக்க மறுத்துவிட்டார். மார்ச் 14-ஆம் தேதி டி.எஃப்.1 வேட்பாளர்களை ஒருவர் பின் ஒருவராக அழைத்துப் பேட்டி எடுத்தது. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேரைத்தான் அழைத்திருந்தார்கள். எட்டாவது ஆளும் பேசி முடித்ததும் அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எங்க ஆளைக் காணோமே?" என்றார்.

"அவரைக் கூப்பிடலை, அத்தான்."

"ஏன்?"

போன தடவை அவருக்கு ஒரு விழுக்காடுதான் ஓட்டு விழுந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதே பதிலைத்தானே அந்த மஞ்சள் பை மனிதருக்கும் சொல்லி அனுப்பினேன்.

அவர் பெயர் எனக்கு நினைவில்லை. நிச்சயம் பதிவேட்டில் என் கையெழுத்தில்தான் எழுதியிருப்பேன். ஓட்டு எண்ணிய அன்று அவர் எவ்வளவு வாங்கினார் என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் ரேடியோவில் என்ன பேச நினைத்தார் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு ஆளாவது கேட்டதாக ஆகியிருக்கும். சாப்பாடு பத்து நிமிஷம் ஆறியிருக்கும், அவ்வளவுதான்.

2027-இல் பிரான்சில் மறுபடி அதிபர் தேர்தல். அத்தானுக்கு எண்பது தாண்டிவிட்டது, கண்பார்வை மங்கல். பேச்சைக் கேட்டால் போதும் என்கிறார். யார் யாரை மேடையில் உட்கார வைக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார். அழைக்கப்படாதவர்களின் பெயரையும் சேர்த்து வாசித்துக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.